ஃப்ளோ கென்னடி: கோர்ட்டை நம்பி வந்து கேபிள் டிவில போய் உட்கார்ந்த வக்கீலம்மா

கரிசல்மழை:
அமெரிக்காவுல வக்கீலாவும் பெண்ணியப் போராளியாவும் இருந்த ஃப்ளோரின்ஸ் கென்னடி பத்திப் பேசத்தான் இந்த இழை. ஃப்ளோன்னு தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. பேரைப் பாத்து ஜனாதிபதி கென்னடி குடும்பம்னு நெனச்சுடாதீங்க, ரயில்ல பொட்டி தூக்கி படுக்கை விரிச்சுக் குடுக்குற புல்மேன் போர்ட்டர் வேலை பாத்து அப்புறம் டாக்ஸி ஓட்டின ஒரு கறுப்பினத்தவரோட பொண்ணு, 1916 பிப்ரவரி 11, மிசௌரி மாகாணம் கான்சாஸ் சிட்டில பொறந்தவங்க, அஞ்சு பொண்ணுங்கள்ல ரெண்டாவது. வெள்ளைக்காரங்க இருக்குற ஏரியாவுல வீடு வாங்கிட்டாங்கன்னு கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பல் ஆளுங்க வாசல்ல வந்து நின்னு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருக்காங்க, அவங்கப்பா துப்பாக்கியோட வெளிய வந்து நின்னாராம், வந்தவங்க திரும்பிப் போய்ட்டாங்க. இதை ஃப்ளோ வாழ்க்கை பூரா சொல்லிட்டே இருந்தாங்க, அதிகாரத்துல இருக்கறவங்களைப் பாத்து ஏன் பயம் வரலன்னு கேட்டா அந்த வாசப்படியில இருந்து தான் ஆரம்பிப்பாங்க.

நான் மதுரைப் பக்கம் வக்கீலா இருக்கேன், அதனால என்னை ரொம்பப் பிடிச்சு இழுத்தது அவங்களோட சட்டப்படிப்பு கதை தான். அம்மா கேன்சர்ல போனதுக்கப்புறம் 1942-ல நியூயார்க் வர்றாங்க, 28 வயசுல கொலம்பியா யுனிவர்சிட்டில டிகிரி சேர்றாங்க, 1949-ல முடிக்கிறாங்க, அங்கயே லா காலேஜுக்கு அப்ளை பண்ணா இடம் இல்லன்னுட்டாங்க. கறுப்பினம்ங்கறதுக்காக இல்லம்மா, பொம்பளைங்கறதுக்காகன்னு பதில் வந்துச்சாம், ஏதோ அதுல மரியாதை இருக்குற மாதிரி. காரணம் எதுவா இருந்தாலும் எனக்கு வலி ஒண்ணு தான், என்னை விடக் கம்மியா மார்க் எடுத்த வெள்ளைக்காரப் பசங்க உள்ள இருக்காங்க, கேஸ் போடுவேன்னு நின்னாங்க, எடுத்துக்கிட்டாங்க. அந்த வகுப்புல பொண்ணுங்க மொத்தம் எட்டு பேர், கறுப்பினத்தவர் இவங்க ஒருத்தங்க தான். 1951-ல முடிச்சு, 1954-ல மேடிசன் அவென்யூல சொந்தமா ஆபீஸ் போட்டாங்க.

இவ்வளவு அடிச்சுப் பிடிச்சு வாங்கின கறுப்புக் கோட்டு, அதுல பத்துப் பதினஞ்சு வருஷத்துல நம்பிக்கை போய் 1966-ல மீடியா வொர்க்‌ஷாப்னு ஒண்ணு மீடியாவுல இருக்குற இனவெறிக்கு எதிரா ஆரம்பிச்சு விளம்பரக் கம்பெனி வாசல்ல போர்டு தூக்கிட்டு நிக்கிறாங்க, 1978-ல இருந்து 1995 வரைக்கும், 17 வருஷம், நியூயார்க் நகரத்துல மன்ஹாட்டன் கேபிள் டிவில வாராவாரம் அரை மணி நேரம் "தி ஃப்ளோ கென்னடி ஷோ" நடத்துறாங்க. 62 வயசுல ஆரம்பிச்சு 79 வயசு வரைக்கும். இவங்களைப் பத்தி எழுதுற முக்காவாசிப் பேர் 1960, 70 போராட்டத்தையெல்லாம் விலாவரியா எழுதிட்டு அந்த டிவி நிகழ்ச்சிய ஒரே வரில தாண்டிப் போயிடுறாங்க, ரிட்டயர் ஆன பாட்டி பொழுதுபோக்குக்குப் பண்ணது மாதிரி. எனக்கு அப்படித் தோணல. அவங்க வாழ்க்கையில எல்லாம் போய்ச் சேர்ற இடமே அதுதான்னு தோணுது. உங்க எல்லாருக்கும் என்ன தோணுதுன்னு சொல்லுங்க.

மாங்கொட்டை:
அக்கா ஒரு டவுட். பப்ளிக் ஆக்சஸ்னு இதை எல்லா இடத்துலயும் சொல்றாங்க, அப்படின்னா அரசாங்க சேனலா, நம்ம தூர்தர்ஷன் மாதிரி? இல்ல லோக்கல் கேபிள்காரர் ஓட்டுற சேனல் மாதிரியா?

பழைய_ஆன்டெனா:
தம்பி ரெண்டும் இல்ல. நான் மாசசூசெட்ஸ்ல ஒரு சின்ன ஊர்ல ஒம்பது வருஷம் இருந்தேன், அங்க ஒரு பப்ளிக் ஆக்சஸ் ஸ்டூடியோல சனி ஞாயிறு கேமரா பிடிச்சுக் குடுத்துட்டு இருந்தேன், அதனால எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேபிள் கம்பெனி ஊர்ல கேபிள் பதிக்கணும்னா தெருவைத் தோண்டணும், கம்பத்துல கட்டணும், தெரு யாரோடது, ஊரோடது. அதனால ஊர் நிர்வாகம் சொல்லுச்சு, எங்க தெருவைப் பயன்படுத்தி சம்பாதிக்கிறீங்கல்ல, பதிலுக்கு ரெண்டு மூணு சேனலை சும்மா விடுங்க, ஊர்க்காரங்க யார் வேணா வந்து நிகழ்ச்சி பண்ணட்டும்னு. மன்ஹாட்டன்ல 1970-ல ரெண்டு கம்பெனிக்கு லைசென்ஸ் குடுக்கும்போது இந்த நிபந்தனைய போட்டாங்க, 1971 ஜூலைல சேனல் ஓட ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல பெரிய நகரத்துல இது தான் முதல் பெரிய முயற்சி. வரிசைல யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு நேரம், காசு கிடையாது, கம்பெனிக்காரன் நீ என்ன பேசப்போறன்னு கேக்கக்கூடாது, வெட்டக்கூடாது, விளம்பரமும் கிடையாது. 1972-ல மத்திய தொடர்பு ஆணையம் எஃப்சிசி பெரிய நூறு மார்க்கெட்டுக்கும் இதையே சட்டமாக்குச்சு, 1979-ல சுப்ரீம் கோர்ட் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லன்னு அடிச்சுப் போட்டுருச்சு, திரும்ப 1984-ல கேபிள் சட்டம் வந்தப்போ அந்தந்த ஊர் கேட்டு வாங்கிக்கலாம்னு ஆச்சு. கம்பெனி வருமானத்துல அஞ்சு சதவீதம் வரைக்கும் ஊருக்குக் கட்டணம் வாங்கலாம், அதுல ஒரு பங்குல தான் எங்க ஸ்டூடியோ லைட்டு எரிஞ்சுது.

எங்க ஸ்டூடியோல வந்தவங்களை இப்பவும் நெனச்சுப் பாப்பேன். பூச்செடி வளக்கறது எப்படின்னு ஒரு தாத்தா, பைபிள் படிக்கிற ஒரு குடும்பம், ஊர் பள்ளிக்கூட வாரியத்தைத் திட்டுறதுக்குன்னே வாராவாரம் வர்ற ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. அந்தம்மா பேச்சைக் கேட்டு வாரியக் கூட்டத்துக்கு வந்த கூட்டத்தை நானே கண்ணால பாத்துருக்கேன். லைட்டிங் சரியா இருக்காது, மைக்ல கொரகொரன்னு சத்தம் வரும், ஆனா யாரும் அந்தம்மாவை நடுவுல நிறுத்த முடியாது. ஃப்ளோ கென்னடிக்குக் கிடைச்சதும் அதுதான்னு நெனைக்கிறேன், நடுவுல நிறுத்த ஆள் இல்லாத அரை மணி நேரம்.

மாங்கொட்டை:
ஓ அப்ப யூட்யூப் வர்றதுக்கு முன்னாடி யூட்யூப்.

பழைய_ஆன்டெனா:
எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு தம்பி, யூட்யூப் ஒரு கம்பெனியோட சொத்து, நாளைக்கு உன் வீடியோவைத் தூக்கிட்டா நீ எங்கயும் போய் உரிமைன்னு கேக்க முடியாது. இது தெருவுக்கு வாடகையா ஊர் வாங்கின இடம். உனக்கு அதுல பாத்தியதை உண்டு.

வரிக்குதிரை:
கரிசல்மழை, கோர்ட்டு மேல நம்பிக்கை ஏன் போச்சுங்கறதுக்கு ஜாஸ் கேக்குற ஆளா நான் ஒண்ணு சேக்குறேன். ஃப்ளோ வக்கீலா எடுத்த பெரிய வேலை ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே, சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் ரெண்டு பேரோட எஸ்டேட், அதாவது அவங்க செத்ததுக்கப்புறம் விட்டுப்போன சொத்து, உரிமை. ரெக்கார்டு கம்பெனிங்க ராயல்டி குடுக்காம ஏமாத்தினதை மீட்டுக் குடுக்கற வழக்கு.

பார்க்கர் 1955 மார்ச்ல 34 வயசுல செத்தாரு. பில்லி ஹாலிடே 1959 ஜூலைல, ஆஸ்பத்திரி படுக்கையில வச்சே போதை வழக்குல அரெஸ்ட் பண்ணி வாசல்ல போலீஸ் காவல் போட்டாங்க, அங்கயே உயிர் போச்சு, பேங்க்ல இருந்தது 70 சென்ட்டுனு சொல்லுவாங்க. உலகம் பூரா அந்தக் குரலை வித்துட்டு இருந்தாங்க, அந்தம்மா கணக்குல ஒரு டாலர் கூட இல்ல. இந்த ரெண்டு பேரோட கணக்கு வழக்கையும் காகிதம் காகிதமா பாத்த வக்கீலுக்கு என்ன ஆகும்? பணத்தை ஓரளவு மீட்டாங்க, ஆனா நீதிமன்றமும் கம்பெனியும் ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு புரிஞ்சுபோச்சுன்னு தான் அவங்க சுயசரிதையிலயும் பேட்டிகள்லயும் வர்ற தொனி. சட்டத்தால சமூகத்தை மாத்தலாம்ங்கற நெனப்பு எனக்கு அங்க தான் உடைஞ்சுதுன்னு சொல்றாங்க.

நான் பில்லி ஹாலிடே பாட்டை ராத்திரில கேக்குற ஆளு, இந்த விஷயம் தெரிஞ்சதுல இருந்து அந்தக் குரலுக்குப் பின்னாடி ஃபைல் கட்டோட ஒரு பொம்பள நிக்கிற மாதிரியே இருக்கு எனக்கு.

கரிசல்மழை:
வரிக்குதிரை ரொம்ப நன்றி. இதுல இருந்து 1966 எப்படி வருதுன்னு பாருங்க. பில்லி ஹாலிடேவை ஏமாத்தினது ஒரு தனி ஆளு இல்ல, ரேடியோ, ரெக்கார்டு, விளம்பரம், டிவி எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டு. அதனால தான் மீடியா வொர்க்‌ஷாப். பெண்ட்டன் அண்ட் போல்ஸ்னு பெரிய விளம்பர ஏஜென்சி, கறுப்பினத்தவங்களை வேலைக்கு எடுக்கறீங்களா, விளம்பரத்துல காட்டறீங்களான்னு கேட்டு பதில் வரல, வாசல்ல மறியல், அப்புறம் அவங்களே மேல கூப்பிட்டுப் பேசினாங்க. மேல் மாடி ஏசி ரூமுக்குப் போகணும்னா தெருவுல இருந்து ஆரம்பின்னு ஃப்ளோ சொன்னது இந்த அனுபவத்துல தான். பன்னண்டு வருஷம் கழிச்சு அந்த ஏஜென்சி தயவே இல்லாத ஒரு சேனல்ல இடம் கிடைக்குதுன்னா விடுவாங்களா? அதைத்தான் நான் எல்லாம் போய்ச் சேர்ற இடம்னு சொன்னேன்.

நீலக்குடை:
எல்லாம் சரிங்க. ஆனா நீங்க எல்லாரும் ஒரு பக்கமா மட்டும் பேசறீங்கன்னு படுது, அதனால எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. 1968 ஜூன் 3, பெரிய ஓவியர் ஆண்டி வார்ஹோலை வேலரி சொலானஸ்ங்கற பொண்ணு சுட்டுது, மனுஷன் செத்துப் பொழைச்சாரு, மிச்ச வாழ்க்கை பூரா வயித்தைச் சுத்தி கார்செட் போட்டுட்டுத் திரிஞ்சாரு, கூட இருந்த இன்னொருத்தருக்கும் குண்டு பட்டுது. அந்தப் பொண்ணுக்கு வக்கீலா போய் நின்னது ஃப்ளோ கென்னடி. வக்கீல் யாருக்காகவும் ஆஜராகலாம், ஒத்துக்கறேன், ஆனா அவங்க அதோட நிக்கல, பெண்கள் இயக்கத்துக்கே ஒரு பெரிய ஆள் மாதிரி அந்தப் பொண்ணைப் பேசினாங்க. NOW-ங்கற தேசியப் பெண்கள் அமைப்போட தலைவி பெட்டி ஃப்ரீடன் தந்தி அடிச்சு, எங்க அமைப்பு பேரை இதுல இழுக்காதீங்கன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. ஆயிரக்கணக்கான சாதாரணப் பொண்ணுங்க வேலை, சம்பளம்னு பொறுமையா கட்டிட்டு வந்த இயக்கத்து மேல இது ஒரு கறை இல்லையா? தீவிரமா இருக்கறதும் பொறுப்பில்லாம இருக்கறதும் ஒண்ணு இல்லங்க.

தெக்கத்திப்பொண்ணு:
நீலக்குடை சார், உங்க கேள்வி நியாயமான கேள்வி தான், அதைத் தள்ளிவிட மாட்டேன். துப்பாக்கியால சுட்டதை நானும் நியாயம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஃப்ளோ அந்த வழக்குல பண்ணது என்னன்னு பாருங்க, அந்தப் பொண்ணை மனநல வார்டுல அடைச்சு வச்சதை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போட்டாங்க. கோவப்படுற பொம்பளையா, பைத்தியம்னு எழுதி உள்ள போடுன்னு ஆகக்கூடாதுங்கறது தான் வாதம். ஊர்ல எத்தனை பொண்ணுங்களை அப்படி எழுதி ஓரங்கட்டினாங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். ஃப்ரீடன் அமைப்புல இருந்து ஃப்ளோ விலகினதுக்கு அந்த வழக்கு மட்டும் காரணம் இல்ல, வியட்நாம் போர், கறுப்பின உரிமை, இதெல்லாம் பெண்கள் பிரச்சனை இல்லன்னு அவங்க ஒதுக்கினது தான் பெரிய காரணம். அந்தக் காலத்துல ஃப்ளோ கறுப்பினக் கூட்டத்துக்கு வெள்ளைக்காரப் பெண்ணியவாதிகளைக் கூட்டிட்டுப் போவாங்க, பெண்ணியக் கூட்டத்துல போய் பிளாக் பவர்ங்கற கறுப்பின உரிமை இயக்கம் பத்திப் பேசுவாங்க, ரெண்டு பக்கமும் திட்டு வாங்குவாங்க.

இன்னொண்ணு, பக்கவாட்டுப் பகைன்னு ஒரு கருத்தை 1970-ல எழுதினதே அவங்க தான். மேல இருந்து மிதிக்கறவனை விட்டுட்டு பக்கத்துல மிதிபடுறவளோட முடியைப் பிடிச்சு சண்டை போடுறது. மிதிக்கறவனுக்கு வேலை மிச்சம். எங்க வீட்ல எங்க பாட்டியும் பெரியம்மாவும் நாப்பது வருஷம் ஒருத்தருக்கொருத்தர் பேசாம இருந்தாங்க, ரெண்டு பேரையும் அந்த நிலைமைக்குக் கொண்டு வந்தவங்களோட ரெண்டு பேருமே நல்லாத்தான் பேசினாங்க. அந்தக் கட்டுரையப் படிச்சப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது எங்க அடுப்படி தான்.

நீலக்குடை:
ஆட்கொணர்வு மனு விஷயம் எனக்குத் தெரியாது, அது சரியான வேலை தான், ஒத்துக்கறேன். பாராட்டிப் பேசினது இன்னும் எனக்கு ஒப்பல, அது அப்படியே இருக்கட்டும்.

கரிசல்மழை:
அப்படியே இருக்கட்டும் சார், எனக்கும் அந்த இடத்துல முழு சம்மதம் இல்ல.

ஆனா ஒரு வக்கீலா நான் அவங்க கிட்ட கத்துக்கிட்டது வேற வழக்கு. நியூயார்க் கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்து 1969-ல போட்ட அப்ரமோவிச் எதிர் லெஃப்கோவிட்ஸ். அப்போ அந்த மாகாணத்துல தாயோட உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் தான் அனுமதி. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி வழக்குல டாக்டருங்க தான் வாதி, டாக்டருங்க தான் சாட்சி. இந்த வழக்குல பொண்ணு வக்கீலுங்க சேர்ந்து முந்நூறுக்கு மேல பெண்களை வாதியா சேர்த்தாங்க, 1970 ஜனவரில அந்தப் பொண்ணுங்க தனக்கு நடந்ததை தன் வாயால வாக்குமூலமா சொன்னாங்க, எங்க போனேன், எவ்வளவு குடுத்தேன், எப்படி ரத்தம் போச்சு, குழந்தையைப் பெத்துக் குடுத்துட்டு எப்படி வெறுங்கையோட வந்தேன்னு. அரசுத் தரப்பு வக்கீல் அப்பப்போ ஆட்சேபம் சொல்லிட்டே இருப்பாரு. ஃப்ளோ விடல, இந்த விஷயத்துல நிபுணர் இவங்க தான்னு நின்னாங்க. அந்த ஏப்ரல்லயே சட்டசபை சட்டத்தை மாத்தி 24 வாரம் வரைக்கும் அனுமதி குடுத்துருச்சு, அதனால தீர்ப்பு வராமலே வழக்கு முடிஞ்சுபோச்சு. ஆனா வாக்குமூலம் வீணாப் போகல, ஃப்ளோவும் டயேன் ஷுல்டரும் சேர்ந்து அதை 1971-ல புத்தகமா போட்டாங்க. கருக்கலைப்பு கறுப்பினத்தை அழிக்கிற சதின்னு சொன்ன கறுப்பின ஆண் தலைவர்களுக்கும் அதுலயே பதில் சொன்னாங்க.

குடும்ப நீதிமன்றத்துல தினமும் பாக்குறேன், பொண்ணு பேச ஆரம்பிச்சா அழாம விஷயத்தை மட்டும் சொல்லும்மான்னு சொல்லிருவாங்க, வலி விஷயத்துல சேராதுன்னு யார் முடிவு பண்ணா? இந்த வழக்கைப் படிச்சதுக்கப்புறம் நான் கட்சிக்காரங்களைப் பேச விடுறேன், மனுவுல அவங்க வார்த்தையை அப்படியே போடுறேன். டிவி நிகழ்ச்சியும் எனக்கு அதோட தொடர்ச்சியா தான் தெரியுது, வாக்குமூலம் குடுக்க ஒரு இடம், ஆட்சேபம் சொல்ல எதிர்த்தரப்பு இல்ல.

மாங்கொட்டை:
ஆண்களுக்குக் கர்ப்பம் வரும்னா கருக்கலைப்பு தெய்வ காரியம் ஆகியிருக்கும்னு சொன்னது இவங்க தானே? ஒரு போஸ்டர்ல பாத்தேன்.

தெக்கத்திப்பொண்ணு:
இவங்க பேர்ல தான் ஊரெல்லாம் சுத்துது, ஆனா பெண்ணியப் பத்திரிகையாளர் குளோரியா ஸ்டைனம் சொல்றது வேற, பாஸ்டன்ல தானும் ஃப்ளோவும் டாக்ஸில போகும்போது ஓட்டிட்டு இருந்த வயசான ஐரிஷ் அம்மா சொன்னதாம். ஃப்ளோ அதை மேடை மேடையா கொண்டு போனாங்க. ரெண்டு பேரும் 70-கள்ல காலேஜ் காலேஜா சேர்ந்து போய்ப் பேசினவங்க. ஒருத்தன் எழுந்து நீங்க ரெண்டு பேரும் லெஸ்பியனான்னு கேட்டா, ஃப்ளோ அவனை ஏற இறங்கப் பாத்து, அதுக்குப் பதிலா எனக்கு இருக்குற மாத்து வழி நீதானான்னு கேப்பாங்களாம். கவ்பாய் தொப்பி, பிங்க் கண்ணாடி, ஒட்டு இமை, நகம் பூரா கலர், அந்த வேஷத்துல நின்னு கேட்டா அவன் எங்க போவான்.

இதுல எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. அந்தக் காலத்து நெறைய பத்திரிகைப் படத்துல ஸ்டைனம் பேர் தான் கொட்டை எழுத்துல இருக்கும், பக்கத்துல நிக்கிற கறுப்பினத்தவர் யாருன்னே பல பேருக்குத் தெரியாது. ஸ்டைனமே இதைக் குறையா சொல்லிருக்காங்க, எனக்குக் கத்துக் குடுத்தது ஃப்ளோன்னு. 1971-ல ஃபெமினிஸ்ட் பார்ட்டின்னு ஆரம்பிச்சு நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஷிர்லி சிஷோமை ஜனாதிபதி தேர்தலுக்கு ஆதரிச்சது, 1973-ல தேசிய கறுப்பினப் பெண்ணிய அமைப்பு தொடங்கினதுல பங்கு, இதெல்லாம் பாடப் புத்தகத்துல எங்க இருக்கு?

நீலக்குடை:
சரி டிவிக்கே வருவோம், இழை ஆரம்பிச்சவங்க கேட்டதும் அதுதானே. எனக்கு இருக்குற பெரிய சந்தேகம், யார் பாத்தாங்க? 1978-ல மன்ஹாட்டன்ல காசு கட்டி கேபிள் வச்சிருந்தவங்க எத்தனை பேர்? அதுலயும் மன்ஹாட்டன் கேபிள் கம்பெனி ஓடினது தீவோட தெக்குப் பாதி. புரூக்ளின், க்வீன்ஸ், பிராங்க்ஸ்ல எல்லாம் கேபிளே 80-கள்ல தான் வந்துச்சு. அப்ப கறுப்பின மக்கள் கூட்டமா இருந்த இடத்துல பாதிக்கு மேல இவங்களைப் பாக்கவே முடியாது. தெருவுல நின்னப்போ பத்திரிகை கேமரா பின்னாடியே வந்துச்சு, ஸ்டூடியோல உட்கார்ந்ததும் யாரும் வரல. இதை முன்னேற்றம்னு எப்படிங்க சொல்றது?

பழைய_ஆன்டெனா:
இது நல்ல கேள்வி, நான் ரெண்டு நாளா இதையே யோசிச்சுட்டு இருந்தேன். சார் சொன்ன கணக்கு சரிதான். ஆனா பப்ளிக் ஆக்சஸ்ல எத்தனை பேர் பாத்தாங்கங்கறதை விட யார் வந்து உட்கார்ந்தாங்கங்கறது தான் பெருசுன்னு என் அனுபவம். எங்க ஊர் ஸ்டூடியோல பேச வந்தவங்க போகும்போது வேற ஆளா போவாங்க. பெரிய நெட்வொர்க்குக்காரன் ஒரு போராட்டத்துல இருந்து பன்னண்டு செகண்டு எடுப்பான், தொப்பியை எடுப்பான், கெட்ட வார்த்தையை எடுப்பான். 1974-ல ஒரு பெரிய பத்திரிகை ஃப்ளோவைப் பத்தி எழுதும்போது கூட வாய்த்துடுக்கைத் தான் முன்னாடி வச்சுது. தெருவுல நின்னப்போ கேமரா பின்னாடியே வந்துச்சு உண்மை, ஆனா அதுல என்ன வரணும்னு முடிவு பண்ணது இவங்க இல்ல. அரை மணி நேரம் ஒரு விருந்தாளியை உட்கார வச்சு, அவங்க போராட்டத்தை முதல்ல இருந்து சொல்ல விடுறதுக்கு 1978-ல வேற எங்க இடம் இருந்துச்சு? அதுவும் பழமைவாத ரேகன் ஜனாதிபதியா வந்ததுக்கப்புறம், பழைய கூட்டமெல்லாம் கலைஞ்சு போன காலத்துல, வாராவாரம் ஒரு இடத்துல அந்தம்மா இருக்காங்கன்னு தெரியறதே ஒரு விஷயம்.

வரிக்குதிரை:
இதே சேனல்ல தான் கண்டதும் வந்துச்சுன்னு சொல்லுவாங்களே, ஆபாசம், இனவெறி எல்லாம். அதை என்ன பண்றது?

பழைய_ஆன்டெனா:
ஆமா வந்துச்சு, மறைக்கக் கூடாது. அதுல ஒண்ணு நம்ம கதைக்கு ரொம்பப் பக்கத்துல வருது. 1988, கான்சாஸ் சிட்டி, ஃப்ளோ பொறந்த அதே ஊரு. க்ளான் ஆளுங்க அங்க பப்ளிக் ஆக்சஸ்ல நிகழ்ச்சி போட நேரம் கேட்டாங்க. நகர சபை என்ன பண்ணுச்சு, க்ளான் வரக்கூடாதுன்னு அந்த சேனலையே மூடுறதுக்கு ஓட்டுப் போட்டுச்சு. கேஸ் ஆச்சு. 1989-ல நீதிபதி வழக்கைத் தள்ள மாட்டேன்னு சொன்னதும் சபை இறங்கி வந்து சேனலைத் திரும்பக் குடுத்துருச்சு.

யோசிச்சுப் பாருங்க, அறுபது வருஷத்துக்கு முன்னாடி கென்னடி வீட்டு வாசல்ல வந்து நின்ன கும்பல், இப்ப அதே ஊர்ல ஸ்டூடியோ வாசல்ல நிக்குது. மன்ஹாட்டன்ல ஃப்ளோ அந்த வருஷமும் நிகழ்ச்சி நடத்திட்டு தான் இருந்தாங்க.

தெக்கத்திப்பொண்ணு:
இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. அண்ணே நீங்க எந்தப் பக்கம்? க்ளான்காரனுக்கும் மைக் குடுக்கணுமா?

பழைய_ஆன்டெனா:
எங்க ஸ்டூடியோலயும் ஒரு தடவை வந்தாங்கம்மா, க்ளான் இல்ல, ஆனா வெளிநாட்டுக்காரங்களை விரட்டணும்னு பேசற ஆளுங்க. நான் அங்க ஒரே இந்தியன். கேமரா பிடிக்க அன்னைக்கு என் முறை. நான் பிடிச்சேன். கை நடுங்குச்சு, பொய் சொல்லல. ஆனா மறுவாரம் அதே நேரத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் நான் பேர் குடுத்து, ஊர்ல இருந்த கம்போடியாக்காரங்க, ஹைட்டிக்காரங்க, நாங்க எல்லாம் உட்கார்ந்து பேசினோம். மூடியிருந்தா ரெண்டும் நடந்திருக்காது. எனக்கு இந்த விஷயத்துல முடிவா ஒரு பதில் கிடையாது, அன்னைக்கு நான் பண்ணது அதுதான்.

கரிசல்மழை:
அண்ணே, இந்த இழையை ஆரம்பிச்சதுக்கு இது ஒண்ணே போதும் எனக்கு.

நகர சபை பயந்தது யாருக்காகன்னு பாருங்க, க்ளானை அடக்க தனி வழி தேடல, எல்லாருக்கும் இருந்த கதவைச் சாத்தினாங்க, அதுல நஷ்டம் அந்த ரிட்டயர்டு டீச்சரம்மா மாதிரி ஆளுங்களுக்குத்தான். ஃப்ளோ ஒடுக்குமுறைன்னு எழுதினதுல இதுவும் வரும், மிதிபடுறவனுக்குக் காவல்னு சொல்லி அவன் வாயை முதல்ல அடைக்கிறது. எதிரியோட வலிக்கிற இடம் எதுன்னு தெரிஞ்சு அங்க கரெக்டா அழுத்தணும்னு அவங்க ஒரு வழி சொல்லுவாங்க, அதுக்கு அவங்க வச்ச பேரை இங்க எழுதினா மாடரேட்டர் தூக்கிடுவாரு. 1973-ல ஹார்வர்டுல அதைத்தான் பண்ணாங்க. லோவல் ஹால்ல பரீட்சை எழுத வர்ற பொண்ணுங்களுக்கு டாய்லெட் இல்ல, ரோட்டைத் தாண்டிப் போய்ட்டு வரணும், பரீட்சை நேரம் அதுல போகும். மனு குடுத்துப் பாத்தாங்க, நடக்கல. ஃப்ளோ போய் பொண்ணுங்களோட சேர்ந்து மூத்திரம் மாதிரி மஞ்சத் தண்ணியை ஜாடி ஜாடியா அந்தப் படிக்கட்டுல ஊத்தினாங்க. உலகத்துலயே பெரிய யுனிவர்சிட்டிக்கு எங்க வலிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். நம்ம ஊர் கோர்ட்டு வளாகத்துல இன்னைக்கும் பெண் வக்கீலுங்க எங்க போறாங்கன்னு கேட்டுப் பாருங்க, நான் தண்ணியே குடிக்காம எத்தனை நாள் வாதாடிருக்கேன். சிறுநீர்ப் பாதை இன்ஃபெக்‌ஷன் எனக்கு மூணு தடவை வந்துருக்கு. அதனால இந்தப் போராட்டத்தை வேடிக்கையான சம்பவம்னு யாராச்சும் சொன்னா எனக்கு நெஜமாவே கோவம் வரும்.

நீலக்குடை:
நான் அதை வேடிக்கைன்னு தான் எழுத வந்தேன், எழுதல. என் மகளும் லா படிக்கிறா, இதை இன்னைக்கு அவ கிட்ட கேக்கணும்.

மாங்கொட்டை:
அந்த நிகழ்ச்சி டேப் எல்லாம் இப்ப எங்க இருக்கு? 17 வருஷம்னா எக்கச்சக்கமா இருக்குமே.

தெக்கத்திப்பொண்ணு:
ஃப்ளோ 2000 டிசம்பர்ல 84 வயசுல தவறிட்டாங்க. அவங்க கடிதம், வழக்குக் காகிதம், நிகழ்ச்சி வீடியோ எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஹார்வர்டுல, ஷ்லெசிங்கர் லைப்ரரியில இருக்கு. ஆமா, அதே ஹார்வர்டு தான். ஷெரி ராண்டால்ஃப் 2015-ல எழுதின வாழ்க்கை வரலாறு வந்ததுக்கப்புறம் ஆராய்ச்சி பண்றவங்க கொஞ்சம் கொஞ்சமா இவங்க பக்கம் திரும்பிருக்காங்க. 1983-ல வந்த பார்ன் இன் ஃப்ளேம்ஸ் படத்துல இவங்க நடிச்சும் இருக்காங்க, பொண்ணுங்க சேர்ந்து டிவி ஒளிபரப்புக்குள்ள புகுந்து பேசற படம், அதுல இவங்க கேரக்டர் பேர் ஸெல்லா வைலி. அம்மா பேர் ஸெல்லா, அப்பா பேர் வைலி.

கரிசல்மழை:
அந்த அப்பா தான் துப்பாக்கியோட வாசல்ல நின்னவர்.

பழைய_ஆன்டெனா:
மாங்கொட்டை தம்பி, டேப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், அந்தக் காலத்து முக்கால் அங்குல யூமேட்டிக் டேப்பெல்லாம் காந்தப்பூச்சு பிசுபிசுன்னு ஆகி உதிரும், சும்மா மெஷின்ல போட்டா அவ்வளவு தான், லேசா சூடு பண்ணி ஈரத்தை எடுத்துட்டுத் தான் ஓட்டணும், அதுக்கு ஆளும் காசும் வேணும். எங்க ஊர் ஸ்டூடியோவை மூடினப்போ டீச்சரம்மா நிகழ்ச்சி டேப்பெல்லாம் ரெண்டு அட்டைப்பெட்டியில போட்டு ரோட்டோரம் வச்சிருந்தாங்க. நான் தூக்கிட்டு வந்துட்டேன், இங்க கோயம்புத்தூர்ல என் பரண்ல இருக்கு. யூமேட்டிக் பிளேயர் வேலை செய்யற நிலைமையில யார் கிட்டயாவது இருந்தா தனி மெசேஜ் அனுப்புங்க, சென்னைன்னாலும் வர்றேன்.